கூப்பிடாத கடை

கடைத்தெருவில் அவருக்குப் ‘பாதிவிலை’ என்று பெயர். ஜவுளிக்கடை நடத்திய காலமெல்லாம் ஒரு முழத் துணியைக்கூட அவர் பாதி விலைக்கு விற்றதில்லை. வாங்கும்போதுதான் பாதிக்குக் கேட்பார். எதிராளி மசியவில்லை என்றால் விருட்டென்று எழுந்து நடப்பார். தெருமுனையைத் தாண்டுவதற்குள், “அண்ணே, வாங்கண்ணே, உங்களுக்கு இல்லாததா?” என்று பின்னாலிருந்து குரல் வரும். வீட்டிலிருக்கும் கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாமே அந்தக் குரலோடு வந்தவைதான்.

இதில் அவர் மனைவிக்கும் ஒரு வேஷம் உண்டு. அவர் கண்ணைக் காட்டியதும் உதட்டைப் பிதுக்கி, “எனக்குப் பிடிக்கலைங்க, வாங்க போலாம்” என்று சொல்ல வேண்டும். ஆசை ஆசையாகத் தடவிப் பார்த்த துணிகளைப் பற்றியும் அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

இன்று அவர் கண்ணைக் காட்டிய இடம் அரசு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தின் முதியோர் உதவி மேசை. பதிவுக்கு இன்றே கடைசி நாள். விட்டால் அடுத்த வருஷம்தான். அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. ஆபரேஷனை ஆறு மாதம் வேண்டுமானால் தள்ளலாம், ஒரு வருஷம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைக்காசில் செய்வதென்றால் இருக்கிற வீடு போய்விடும்.

அவள் உதட்டைப் பிதுக்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணையே பார்த்தாள்.

“உங்க வருமானத்துக்கு வருஷச் சந்தா பத்தாயிரம் ஐயா,” என்று அந்தப் பெண் மறுபடி விளக்கினாள். “அறுபது முடிஞ்சதுமே சேர்ந்திருக்கணும். நீங்க தள்ளிப்போட்டதுக்காக மேல ரெண்டாயிரம். ஆகமொத்தம் பன்னிரண்டு.”

“நான் எங்கம்மா தள்ளிப்போட்டேன்? அப்பவே வந்து விலை கேட்டேன். ஜாஸ்தின்னு எழுந்து போனேன். நீங்க இறங்கி வருவீங்கன்னு பார்த்தா ஏறியில்ல நிக்கறீங்க?”

“இந்தக் கூடுதல் வருஷா வருஷம் வரும் ஐயா. உயிரோட இருக்கற வரைக்கும்.”

“செத்தா?”

“நின்னுடும்.”

“பரவாயில்லையே, அதுல ஒரு தள்ளுபடி வச்சிருக்கீங்க. எட்டாயிரம். முடிச்சுக்கலாம்.”

“ஐயா, இதுல குறைக்க எனக்கு…”

நாற்காலி பின்னால் நகர்ந்தது. பாதிவிலை எழுந்தார், மனைவியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், வாசலை நோக்கி நடந்தார். அவள் அசையவில்லை.

“நான் மட்டும் தனியா சேர்ந்துக்கலாமா கண்ணு?”

“உங்க பேர்ல வருமானம் இருக்காம்மா?”

“கடையில நாள் முழுக்க நின்னிருக்கேன். பேர்ல ஒண்ணுமில்ல.”

“அப்போ அவர் கார்டுலதான் துணையா சேர முடியும். அவர் கையெழுத்து இல்லாம முடியாதும்மா.”

மனைவி ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில், அலுவலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அது பஸ்ஸுக்காக நிற்கிற முதுகல்ல. போன் போட்டாள். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார். கூட வந்தவளே கூப்பிட்டால், சரக்கு நமக்கு வேண்டும் என்று காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். தானாகத் திரும்பி வந்தால் அதைவிடக் கேவலம். விற்கிறவன்தான் கூப்பிட வேண்டும். இங்கே விற்கிறவர் யாருமில்லை என்பதை அவருக்கு எந்த பாஷையில் சொல்வது? கடைசி ஜன்னலைக் காவலாளி சாத்தத் தொடங்கியிருந்தார்.

“அம்மா, புருஷன் தொலைஞ்சா போலீஸ் ஸ்டேஷன் அடுத்த தெருவுல. எனக்கு வழி விடுங்க,” என்றார் பின்னால் நின்ற கைத்தடிக்காரர்.

“தொலைஞ்சாத்தான் நல்லா இருக்குமே. அங்கதான் நிக்கறாரு,” என்றவள் மேசைமேல் குனிந்தாள். “கண்ணு, ஒரே ஒரு உதவி. நீ வாசலுக்கு வந்து அவரைக் கூப்பிடணும்.”

“கூப்பிட்டா எட்டாயிரம்தான் கேட்பாரு. பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“பொய் வேண்டாம். எல்லாருக்கும் குடுக்கறதையே அவருக்கு மட்டும் குடுக்கற மாதிரி சொல்லு.”

அந்தப் பெண் ஒரு கணம் யோசித்துவிட்டு எழுந்து வந்தாள். இருவரும் வாசலில் நின்றார்கள். அந்தச் சிறு நடைக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா! வாங்க ஐயா!”

முதுகு அசையவில்லை.

“இன்னொரு தரம். முதல் குரலுக்குத் திரும்ப மாட்டார்.”

“ஐயா! நாலு தவணையா கட்டிக்கலாம், வாங்க!”

பாதிவிலை மெல்லத் திரும்பினார். போனால் போகட்டும் என்று மனமிரங்கிய முகத்தோடு சாலையைக் கடந்து வந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, “இதை முதல்லயே சொல்லியிருந்தா உனக்கும் அலைச்சல் இல்ல, எனக்கும் இல்ல,” என்றார். முதல் கையெழுத்து விழுந்தது.

“இங்கயும் ஒண்ணு ஐயா. ஏற்கனவே இருக்கற நோய்க்கு மூணு மாசம் காத்திருக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டதுக்கு.”

பேனா நின்றது. “மூணு மாசமா? பணம் இன்னிக்கு, சரக்கு மூணு மாசம் கழிச்சா? ஒரு மாசம்னு போடும்மா.” நாற்காலி மறுபடி நகர்ந்தது.

காவலாளி விளக்கை அணைக்கக் கையைத் தூக்கிவிட்டார். அவள் கணவரின் சட்டையைப் பிடித்தாள்.

“என்னங்க, இது சில்லறைப் பேரம். ஆபரேஷன் செலவுல நூத்துக்குப் பத்து நம்ம கையில இருந்து ஆஸ்பத்திரிக்குக் கட்டணுமாம். அதுதான் பெரிய தொகை. உங்க பேச்சை அங்க வச்சுக்கங்க.”

“பத்தா?” அவர் கண் மின்னியது. “அதைப் பேசலாமா?”

“அம்மா, அது வந்து…” என்று ஆரம்பித்த பெண்ணின் கையை அவள் மேசைக்கு மேலேயே அழுத்தினாள். அந்தப் பெண் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

இரண்டாவது கையெழுத்தும் விழுந்தது. முத்திரை குத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் சட்டையை விட்டாள்.

பேருந்தில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

“பத்தை அஞ்சாக்கறேன் பாரு. ஆனா உனக்கு மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடியே பேசிடணும். போட்டுட்டாங்கன்னா நம்ம பிடி தளர்ந்துடும்.”

“சரிங்க.”

“விலை படியலைன்னா நீ பாட்டுக்குக் கட்டில்ல இருந்து இறங்கி நடக்கணும். தெம்பா நடக்கணும், தெரியுதா?”

அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.