கைமாற்றாய்ப் போன மாத்திரை

"மிச்ச மாத்திரை எங்கடி?"

கேட்டுக் கேட்டுத் தமந்தானிக்குத் தொண்டை வற்றிவிட்டது. பக்கத்து வீட்டு ஃபலேசி மடியில் துவண்டு கிடந்த மகன் லிம்பானிக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். புகட்டியதெல்லாம் கடைவாய் வழியே வழிந்தது. ஊருக்கு மருந்து கொடுக்கும் தமந்தானிதான் போன வாரம் மலேரியா என்று சோதித்துச் சொல்லி, மூன்று நாள் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, நகரத்துக்குப் பயிற்சிக்குப் போனவள். காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மலாவி ஏரிக்கரையில் இந்த ஊரே அப்படித்தான். உப்பு, நெருப்பு, மீன்வலை, மாத்திரை எல்லாமே கைமாற்று. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் மிச்சம் அடுத்த வீட்டுக்குப் போகும். எந்தப் பிள்ளைக்கும் முழுசாகக் குணமாகாது. தமந்தானி கூட்டம் போட்டுச் சொன்னாள், பாட்டாகப் பாடினாள், தேவாலய வாசலில் நின்று கத்தினாள். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். சே, இந்த ஜனங்களோடு மாரடிப்பதற்கு ஏரியில் விழுந்து தொலையலாம்! வீட்டிலிருக்கும் மருந்துப் பெட்டிக்கு அவள் பூட்டுப் போட்டதே இதனால்தான். புருஷன் யோஹானே இளகின மனசுக்காரன், கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடுவான். சாவி எப்போதும் அவள் கழுத்தில்தான்.

"எந்த மகராசிக்குத் தூக்கிக் குடுத்த? சொல்லித் தொலை. உம் புள்ளைய விட அவ புள்ள ஒசத்தியா?"

ஃபலேசி நிமிர்ந்தாள். "ஒங்க வீட்டுக்குத்தான்க்கா குடுத்தேன்."

"என்னது?"

"நீ ஊர்ல இல்லாதப்ப ஒம் மக தவினாவுக்கு ஒடம்பு அனலாக் கொதிச்சுது. மச்சான் வாசல்ல வந்து நின்னு அழுதாரு. பூட்டை ஒடைக்க வேண்டியதுதானேன்னேன். ஒடைச்சா அவ என்னைக் கொன்னுடுவான்னாரு. இவன் அன்னிக்கு எந்திரிச்சு ஓடியாடிட்டிருந்தான். நான் இல்லேன்னு சொல்லவா? நீ சொல்லியிருப்பியா?"

தமந்தானி ஊர் திரும்பிய அன்று, "சின்னக் காய்ச்சல்தான், சரியாயிடுச்சு" என்றான் யோஹானே. களைப்பில் அவளும் என்ன ஏதென்று கேட்கவில்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"எந்திரி. தண்ணியே எறங்கலைன்னா இனி நம்ம கையில இல்ல. ஆஸ்பத்திரிக்குத்தான்."

அவள் போட்ட சத்தத்தில் யோஹானே சைக்கிளோடு வந்து நின்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். ஃபலேசி மகனை முதுகில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

எதிரே, மீன் காயும் பரண்களுக்கு நடுவே, ஈ விரட்டுகிறேன் பேர்வழி என்று தவினா குதித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கும் மிச்ச மாத்திரைதானே, முழுசாக இல்லையே! தமந்தானி அவளைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் கை வைத்தாள். சுட்டது. உச்சிவெயிலில் எந்தப் பிள்ளைக்குத்தான் சுடாது? நிழலுக்கு இழுத்துப்போய் மறுபடி வைத்தாள்.

"விடும்மா, கூசுது" என்று சிரித்தாள் தவினா.

சைக்கிள் மணி அடித்தது. கையை எடுக்காமல் தமந்தானி இன்னும் குனிந்தாள். கழுத்துச் சாவி ஊசலாடி மகளின் நெற்றியில் போய் இடித்தது.