கேதுரு பெண் கேட்கப் போன கதை

உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை: கேதுரு மரம், குழிமுயல். பாரூக் மலையில் இதைக் கண்டுபிடித்தவன் நிசார். அவனுக்கு அதில் துளியும் சந்தேகமில்லை. கேதுரு பனியிலும் புயலிலும் நின்ற இடத்தில் நிற்கும். நாட்டின் கொடியில் ஏறியதும் அதனால்தான். குழிமுயலோ வாலும் இல்லாத, தைரியமும் இல்லாத பிராணி. சருகு அசைந்தால் பாறை இடுக்கில் புகுந்துவிடும். போன மாதம் பெண் கேட்கப் போன வீட்டில், மாமனார் கேட்ட கேள்விக்குப் பயந்து சமையலறை வழியாக நழுவிய நண்பன் கினானை அவன் அப்படித்தான் கூப்பிட்டான்.

"என்னடா முசலு, வெளிய வந்துட்டியா? பருந்து போயிடுச்சா?"

"உனக்கும் ஒரு நாள் வரும்டா. அன்னிக்குப் பாக்குறேன் உன் கிளையெல்லாம்."

வந்தது. நிசார் விரும்பிய லமீஸின் வீட்டுக் கூடத்தில் அவன் சித்தப்பா முறைப்படி பெண் கேட்டு முடித்தார். காப்பி வந்தது. யாரும் தொடவில்லை; பெண் வீட்டார் சம்மதம் சொல்லும்வரை தொடக்கூடாது. லமீஸின் அப்பா மீசையைத் தடவினார்.

"ஒரே பொண்ணு, தம்பி. இங்கயே இருப்பியா, இல்ல கனடா அது இதுன்னு கூட்டிட்டுப் போயிடுவியா?"

"நான் கேதுரு மாதிரி, மாமா…"

கதவருகே நின்ற லமீஸ் தொண்டையைச் செருமினாள். கனடாவுக்கு விண்ணப்பித்திருந்ததே அவள்தான். அது அப்பாவுக்குத் தெரியாது. 'இருப்பேன்' என்றால் அவள் போய்விடுவாள். 'போவோம்' என்றால் காப்பி ஆறிவிடும்.

"கேதுருதானேப்பா கப்பலேறிப் போச்சு?" என்றாள் அவள், தட்டைத் துடைத்தபடி. "எத்தன ராஜா அரண்மனையில உத்தரமாக் கெடந்திருக்கு! இந்த மலய விட்டு நகராதது குழிமுயல்தான்."

"அதுவும் சரிதான்," என்றார் அப்பா. "அப்ப நீ எதுப்பா?"

கூடமே அவனைப் பார்த்தது. இருந்தால் குழிமுயல், போனால் கேதுரு. ஆனால் கேதுரு போனது வெட்டிய பிறகல்லவா? குழிமுயல் ஓடினாலும் ஊரைவிட்டு ஓடவில்லையே? அப்படியானால் கோழை யார்? நிசாருக்குத் தன் கண்டுபிடிப்பே தலைகீழாகத் தெரிந்தது.

"கை கழுவிட்டு வரேன், மாமா."

கை கழுவும் இடம் இடப்பக்கம். அவன் வலப்பக்கம் திரும்பி, சமையலறையைத் தாண்டி, கொல்லைப் பாறைகளுக்குப் பின்னால் குந்தினான். அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்த குழிமுயல் ஒன்று அவனை ஏற இறங்கப் பார்த்தது. எச்சரிக்கைச் சீழ்க்கைகூட அடிக்கவில்லை.

உள்ளேயிருந்து லமீஸ் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குழிமுயல் சட்டென்று இடுக்குக்குள் போனது. நிசார் அந்த இடுக்கின் அகலத்தைக் கண்ணால் அளந்தான்.