பதினோரு மணி மாத்திரை

அமிர்தலிங்கத்தின் சட்டைப்பையில் கைப்பேசி அலறியபோது சரியாகப் பதினோரு மணி. மாத்திரைக்காக மனைவி பிரகதாம்பாள் வைத்துவிட்ட அலாரம். ஆனால் பாசனதாரர் சங்கத் தலைவர், அறுபது பேர் பார்த்திருக்க, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதாவது! பக்கத்து நாற்காலியில் இருந்த செயலாளர் அண்ணாதுரை உரிமையோடு பைக்குள் கையை விட்டு அதை அணைத்தார். "கலெக்டர் ஆபீஸ்தான். அப்புறம் பேசிக்கலாம்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இரண்டு வருஷம் முன்புவரை அமிர்தலிங்கம் பேச எழுந்தால் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். போஸ்டரில் 'டெல்டாவின் இடிமுழக்கம்' என்று போட்டுக்கொண்டது அவரேதான். பிறகு தஞ்சாவூர் நரம்பு டாக்டர் சொன்னார்: மூளையின் நடுவே கருப்பாக ஒரு திட்டு, அங்கே டோபமைன் சுரக்கிற நரம்பணுக்கள், கால் நடப்பதும் முகம் சிரிப்பதும் குரல் எழும்புவதும் அந்தச் சுரப்பை நம்பித்தான், அவற்றில் பாதிக்குப் பக்கம் செத்த பிறகுதான் வெளியே தெரியும். பெயர் பார்க்கின்சன். "அப்ப கடைமடைக்குத் தண்ணி வந்து சேரலேங்கறீங்க" என்றார் அமிர்தலிங்கம். "அருமையா சொன்னீங்க" என்றார் டாக்டர். தலையில் இடி விழுந்த அந்த நிமிஷத்திலும் தன் உவமை எடுபட்டதில் அவருக்கு ஒரு திருப்தி.

மறைக்க ரொம்ப மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. ஊரே அந்த நோயைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டது. முகம் இறுகி, இமை எப்போதாவது ஒருமுறை மூடித் திறந்தது. தலைவர் ஒரு பார்வை பார்த்தால் உள்ளதெல்லாம் வெளியே வந்துவிடும் என்றார்கள். நடை சுருங்கியது, நிதானம் என்றார்கள். குரல் உள்ளே போய்க் கிசுகிசுப்பானதும், அதைக் காதில் வாங்கி ஊருக்கு உரக்கச் சொல்லும் உத்தியோகம் அண்ணாதுரைக்கு வந்து சேர்ந்தது. புது பேனரில் 'மௌனச் சிங்கம்' என்று அடித்தார்கள். "சிங்கத்துக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடறது நான்தானே" என்றாள் பிரகதாம்பாள்.

இன்றைய விசாரணை ஆறாம் மதகு. முந்தாநாள் விடிகாலையில் யாரோ முறை மீறி ஷட்டரைத் தூக்கியிருந்தார்கள். பழி வைரக்கண்ணுவின் மேல். அப்பா காலத்தில் கூலிக்கு உழுத குடும்பம். இவன் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. குற்றம் என்று முடிவானால் பதினைந்து நாளைக்கு அவன் வயலுக்குத் தண்ணீர் கிடையாது. அதாவது, பயிர் கிடையாது.

தூக்கியது யார் என்று அமிர்தலிங்கத்துக்குத் தெரியும். டாக்டர் நடக்கச் சொன்ன விடியற்கால நடையில், வாய்க்கால் கரையில் நின்று கண்ணால் பார்த்தார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஷட்டரைத் திருகித் தூக்கியது அண்ணாதுரை. இரண்டு நாளாக யாரிடமும் சொல்லவில்லை. அண்ணாதுரையை விட்டால் தன் வாய்க்கு வேறு வாய் ஏது?

மணி பதினொன்றே முக்கால். காலையில் போட்ட மாத்திரையின் கடைசிச் சொட்டும் வடிந்துபோய், உடம்பு அறை அறையாகப் பூட்டிக்கொண்டு வந்தது.

"நான் இல்லங்க. அன்னிக்கு ராவு கும்பகோணத்துல மச்சான் வீட்டுலல்ல இருந்தேன்" என்றான் வைரக்கண்ணு.

"பஸ் டிக்கெட் இருக்கா?" என்றது ஒரு குரல்.

"டவுன் பஸ் டிக்கெட்டை எவன்யா ஃப்ரேம் போட்டு மாட்டுவான்?"

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே தலைவரைப் பார்த்தான். தலைவர் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சிரிப்பு நின்றது.

பயப்படாதேடா என்று அமிர்தலிங்கம் தன் முகத்துக்கு உத்தரவு போட்டார். முகம் வாங்கிக்கொள்ளவில்லை. பார்வையையாவது திருப்பலாம் என்றால், கழுத்தும் கேட்கவில்லை.

"ஐயா, அப்படிப் பாக்காதீங்க" என்றான் வைரக்கண்ணு. நெற்றியில் வேர்வை. "செய்யாததையும் செஞ்சேன்னு சொல்லிடுவேன் போலருக்கு."

"பாத்தீங்களா, வாயிலேயே வருது!" என்றார் அண்ணாதுரை. "தலைவர் என்ன சொல்றார்னு கேட்டுருவோம்." குனிந்து காதைக் கொடுத்தார்.

அமிர்தலிங்கம் உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் தொண்டைக்கு இழுத்தார். "நீதான்" என்றார். "நீதாண்டா."

அண்ணாதுரையின் பிடரி ஒரு கணம் விறைத்தது. பிறகு நிதானமாக நிமிர்ந்து, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, "அவன்தாங்கறார்" என்றார்.

"சிங்கம்யா" என்றார் யாரோ பின்னாலிருந்து.

வைரக்கண்ணு வெளியே போகவில்லை. நேராக மேடைக்கு வந்தான். "செயலாளரே, கொஞ்சம் நகருங்க."

"ஏய், மரியாதையா கீழ நில்லு."

"மரியாதைக்கு என்ன குறைச்சல்? அவர் வாயால கேட்டுட்டுப் போயிடறேன்." நாற்காலியருகே மண்டியிட்டான். பக்கத்தில் வந்தபிறகுதான் அவனுக்குத் தெரிந்தது: தலைவரின் வாயோரம் எச்சில் இழை, வேட்டிக்குள் விடாமல் ஆடுகிற முழங்கால். அவன் குரல் தானாகத் தணிந்தது. "ஐயா... ஒடம்புக்கு முடியலீங்களா?"

இந்த இரண்டு வருஷத்தில் ஊரில் ஒருவர்கூட அவரிடம் இதைக் கேட்டதில்லை. ஆமாம் என்றால் சிங்கம் போச்சு. பேசாமல் இருந்தால் ஒன்றரை ஏக்கர் போச்சு.

"தலைவரைத் தொந்தரவு பண்ணாதே" என்று அண்ணாதுரை அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். மடலோரம் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்த வைரக்கண்ணுவின் காது, இன்னும் ஒரு விரற்கடை நெருங்கி வந்தது. அமிர்தலிங்கத்தின் உதடுகள் நூலளவு பிரிந்தன.