பத்தொன்பது சிவப்புத் தொப்பிகள்

குருசுக்குப்பம் ஹேமலதாவின் வலது கண்ணில் பத்தொன்பது போலீஸ்காரர்கள் பதினோரு மாதம் காவல் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு நொய்யரிசி உயரம். தலையில் புதுச்சேரிப் போலீசின் அதே சிவப்புத் தொப்பி. மேட்டுப்பாளையம் சோப்புக் கம்பெனியில் காஸ்டிக் சோடா டிரம் வெடித்த அன்று, கண்ணில் பற்றிய எரிச்சலை அணைக்க ஓடி வந்தவர்கள் அவர்கள். வந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். முடிந்த பிறகு கிளம்பவில்லை, அவ்வளவுதான் குற்றம். கருவிழியும் வெள்ளையும் சேரும் விளிம்பில், கண்ணின் மேல்தோலைப் புதுப்பிக்கும் விதைச் செல்கள் இருக்கின்றன. அந்த நாற்றங்காலில் பூட்ஸ் காலோடு ரோந்து போனதில் விதைகள் நசுங்கின. தப்பியவை எதுவாக வளர வேண்டும் என்பதையே மறந்து கண்டபடி முளைத்தன. கருவிழி மேல் ரத்த நாளங்கள் கொடி ஓடின. பார்வை கஞ்சித் தண்ணீராகக் கலங்கியது.

கண் டாக்டர் இஃப்ஃபத் கருவியில் அவர்களை எண்ணிச் சீட்டில் எழுதிக்கொண்டார். இடது கண்ணிலிருந்து கொஞ்சம் விதை எடுத்து நட்டார். மூன்றே வாரத்தில் மிதித்துத் துவைத்துவிட்டார்கள். "இன்னும் ஒரு தடவைதாம்மா எடுக்க முடியும். அதுக்கு மேல எடுத்தா நல்ல கண்ணும் போயிடும். இவங்க அடங்கத்தானே சொட்டு மருந்து குடுத்தேன்?" என்றார்.

ஹேமலதா ஒரு சொட்டுகூட விட்டதில்லை. மருந்தை வாசல் முருங்கைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். காரணம், கடைசியில் நின்ற காவலன் இடது தோளைச் சாய்த்து நின்றான். அவள் புருஷன் செம்மல் அப்படித்தான் நிற்பான். டிரம் வெடித்தபோது அவளைத் தள்ளிவிட்டுக் குறுக்கே விழுந்து செத்தவன். அவன் பிணத்தை எடுத்த அன்று அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டு நனையும், அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதன் பிறகும் அவள் அழவேயில்லை. தினமும் கண்ணாடி முன் நின்று அவனோடு பேசினாள். பாவி மனசு, கண் போனால் போகட்டும் என்றது.

முருங்கையில் மருந்து வாடை அடிப்பதைக் கண்டுபிடித்தது செம்மலின் அம்மா ஆயம்மாதான். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு மருமகளின் கண்ணை உற்றுப் பார்த்தாள். சாய்ந்த தோளைக் கண்டதும் அவள் முகம் கோணிப்போனது.

"எம் புள்ளைய ஊரே எடுத்துட்டாங்க. நீ மட்டும் இன்னும் எடுக்கலடி. எழவு ஊடுன்னு தெரிஞ்சாத்தான் அவனுங்க சொல்லிக்காம போவானுங்க."

மறுநாள் காலை ஆயம்மா வாசலில் விளக்கேற்றி, ஹேமலதாவின் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். இருவரும் கட்டிக்கொண்டு, பதினோரு மாதம் தாமதமாக ஒப்பாரி வைத்தார்கள். தெருவே கூடியது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. காவலர்கள் ஒவ்வொருவராகக் கண்ணீரோடு கன்னத்தில் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எழவு வீட்டிலிருந்து போகிறவர்களைப் போல யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கடல் பக்கம் நடந்தார்கள். தோள் சாய்ந்தவன் கடைசியாகப் போனான். கக்கத்திலிருந்து தொப்பி நழுவியதைக்கூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றவளையும் பார்க்கவில்லை.

சொட்டு மருந்து அதன் பிறகு வேளை தவறாமல் விழுந்தது. இரண்டாம் நடவு பிடித்துக்கொண்டது. ஹேமலதாவுக்கு இப்போது தூரத்துப் படகின் நம்பர் வரை தெரிகிறது. கடுகிலும் பொடிசான அந்தச் சிவப்புத் தொப்பி அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு கிடக்கிறது. தாளிக்கும்போது இரண்டு பெண்களும் கடுகை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெயில் போடுகிறார்கள்.