மாப்பிள்ளையின் பாய்ச்சல்

நஸீம் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் கூடத்துச் சுவரில் அவனுடைய புதுத் தொலைக்காட்சி ஏறிவிட்டது. சம்மாந்துறை நெல் ஆலைக்காரரின் மகன், டோஹாவில் சில வருடம் இருந்தவன். அந்தத் தொலைக்காட்சி அவனைப் போலவே அகலமாக, மெல்லியதாக, எந்நேரமும் பளபளத்துக்கொண்டிருந்தது.

கல்முனையில் வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். லைலாவின் கலியாணத்தோடு வாப்பா, உம்மா சரீபா, தங்கை றுமானா மூவரும் பின்னறைக்கு மாறினார்கள். றுமானாவின் பொருள் என்று கூடத்தில் மிஞ்சியது, மூலையில் இருந்த பழைய பெட்டித் தொலைக்காட்சியும் அதனோடு பொருத்திய விளையாட்டுக் கருவியும்தான்.

"மச்சி, இந்தப் பொட்டிய என்னத்துக்கு வச்சிரிக்கீங்க?" என்று றுமானாவிடம் கேட்டான் நஸீம். "பழைய சாமான் எடுக்கிறவன் பின்நேரம் அசருக்குப் பொறகு வருவான். ஏத்தி உட்டுருவம்."

"அதிலதான் நான் சிவப்புப்பட்டி விளையாடுற, மச்சான்."

"டீச்சர் சண்டை விளையாடுறாவாம்! லைலா, கேட்டியா உன்ட தங்கச்சிட கதைய?"

லைலா சிரித்தாள். புது மாப்பிள்ளை சொல்வதற்கெல்லாம் அந்த வீட்டில் இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

சிவப்புப்பட்டி என்பது ஊர் வைத்த பெயர். இறுவட்டில் இருந்தது ஜப்பானிய எழுத்து, யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அட்டையில் சிவப்புப் பட்டி கட்டிய ஒருவன் நின்றான், அவ்வளவுதான். பாடசாலையில் கணினி படிப்பிக்கும் றுமானா, படிக்கிற காலத்திலிருந்து அதை விளையாடுகிறாள். அலுக்கவில்லை. காரணம் கேட்டிருந்தால் பொறுமையாக விளக்கியிருப்பாள். நஸீம் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

அவன் விளையாடுகிற புது விளையாட்டை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், வீரன் தானே பறந்து, சுழன்று, நெருப்பைக் கக்கி, எதிரியைப் பந்தாடி முடித்துவிடுவான். சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டிவிடுகிற விளையாட்டு. ஊட்டப்பட்டு வளர்ந்தவன் தன்னைச் சமையற்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சிவப்புப்பட்டி யாருக்கும் ஊட்டாது. அதில் அடியைத் தடுக்கலாம். தடுத்துக்கொண்டே நிற்பவனைப் பிடித்து எறியலாம். எறிய வருபவனை முந்தி அடித்துவிடலாம். ஒன்றை ஒன்று வெல்லும், எல்லாவற்றையும் வெல்வது ஒன்றும் இல்லை. இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது: அடி வந்து படுகிற கணத்தில் பின்வாங்காமல், கைக்கருவியின் பொத்தானை அதை நோக்கி முன்னே தள்ளினால், அந்த அடி செத்துவிடும், அடித்தவன் வாயைப் பிளந்து நிற்பான். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் முழு அடியும் முகத்தில். பயந்தவனுக்கு அது கிடைக்காது.

"சரி மச்சி," என்றான் நஸீம். "நீங்க என்னய வெண்டா பொட்டி இரிக்கட்டும். நான் வெண்டா அவன்ட வண்டியில ஏறும். மூணு ஆட்டம். ஆனா என்ட டிவியிலதான். அந்தப் பொட்டியப் பார்த்தா எனக்குக் கண் நோவுது."

அறியாமையில்கூட அவனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பழைய பெட்டி, கருவி அனுப்புகிற படத்தை அனுப்பிய உடனே கண்ணாடியில் வரைந்துவிடும். புதுத் தொலைக்காட்சி அப்படியல்ல. படத்தை வாங்கி, இழுத்து, பெருப்பித்து, மெழுகிப் பிறகுதான் காட்டும். கிரிக்கெட் பார்ப்பவனுக்கு அந்தத் தாமதம் தெரியாது. வருகிற அடியைத் தள்ளிக் கொல்பவளைக் கெடுக்க அதுவே போதும், திரையில் அவள் காண்பது முடிந்துபோன அடியாக இருக்கும். தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு ஒன்று உள்ளே எங்கோ இருக்கும். நஸீமுக்கு அப்படி ஒன்று உண்டென்றே தெரியாது. ரிமோட்டை அவன் யாருக்கும் கொடுப்பதும் இல்லை.

விளையாட்டுக் கருவியைப் புதுத் தொலைக்காட்சியில் பொருத்தினார்கள். வீரர்களில் அவன் நெருப்புக் கையனை எடுத்தான். அவள் வழக்கம்போல் ஒல்லியான குடைக்காரியை எடுத்தாள்.

முதல் ஆட்டத்தில் அவள் தள்ளியதெல்லாம் பிந்தியது. குடைக்காரி அடிமேல் அடி வாங்கி விழுந்தாள்.

"பார்த்தியா!" நஸீம் தொடையில் தட்டினான். "டீச்சருக்கு டியூசன் தேவ!"

வட்டிலப்பத் தட்டோடு நின்ற உம்மா, மகளைப் பார்த்துக் கண்ணால் மெச்சினாள். குனிந்து, "அதுதான் புள்ள மரியாத," என்று காதுக்குள் சொன்னாள். "மாப்புளய வெல்லப்படாது."

தோற்றதைவிட அது சுட்டது. தான் விட்டுக்கொடுத்ததாக உம்மா நினைக்கிறாள்! இந்த ஆளுக்கு!

றுமானா திரையில் அடிகளைத் தேடுவதை நிறுத்தினாள். ஆளைப் பார்த்தாள். சோறு வைத்தால் கறி வரும்வரை பொறுக்காதவன். வீதியில் முன்னால் உழவு இயந்திரம் போனால் வண்டி ஹோர்னிலிருந்து கை எடுக்காதவன். அவனுடைய நெருப்புக் கையன் விழுந்த ஒவ்வொரு முறையும், எழுந்த கணமே காலை நீட்டிக்கொண்டு பாய்ந்தான். ஒருமுறைகூட எழுந்து நின்று யோசிக்கவில்லை. விழுந்ததை யாரும் பார்த்துவிடக் கூடாதென்ற அவசரம்.

வருகிற அடியைப் பார்த்து அழுத்தினால்தான் தாமதம் கெடுக்கும். வரப்போவதை அறிந்து முன்கூட்டியே அழுத்துபவளை எந்தத் தொலைக்காட்சி கெடுக்கும்?

இரண்டாவது ஆட்டத்தில் அவனை ஒருமுறை வீழ்த்தி, காத்திருந்தாள். அவன் எழுந்தான், பாய்ந்தான். படம் வருமுன்பே அவள் விரல் முன்னே தள்ளியிருந்தது. உதை செத்தது. குடை அவன் தாடையில் ஏறியது. மறுபடியும் விழுந்தான், எழுந்தான், பாய்ந்தான். ஆட்டம் முடிந்தது.

"பொத்தான் ஒட்டுது," என்றான் நஸீம்.

"அப்ப என்டத எடுங்க மச்சான்."

கைக்கருவிகளை மாற்றிக்கொண்டார்கள். மூன்றாவது ஆட்டம் இரண்டாவதைவிடச் சீக்கிரம் முடிந்தது. பாய்வதில் மட்டும் அவன் எந்த மாற்றமும் செய்யவில்லை.

உம்மாவின் முகம் வெளிறியது. "அல்லாஹ்வே, அவருக்கு அசதி, மகள். ராவெல்லாம் நித்திரயில்ல அவருக்கு. இன்னொருக்கா..."

வாசலில் பழைய சாமான்காரன் மணி அடித்தான். உம்மா மூலையை நோக்கி நடந்தாள். மாப்பிள்ளையின் முகம் கோணியதற்குப் பரிகாரமாகப் பெட்டியைத் தன் கையாலேயே ஏற்றிவிடும் முடிவு அவள் நடையில் தெரிந்தது. றுமானா எழுந்து குறுக்கே நின்றாள்.

"உடுங்க மாமி!" நஸீம் கத்தினான். "அத ஆரும் தொடப்படாது! இவள வெல்லாம அந்தப் பொட்டி இந்த ஊட்ட உட்டு அசையா. இப்ப ஏத்தினா, தோத்ததால ஏத்தினன் எண்டு சனம் சொல்லும்."

எந்தச் சனம் என்று யாரும் கேட்கவில்லை. வண்டிக்காரன் வெறுங்கையோடு போனான்.

மறுநாள் பின்நேரம் அவன் பெட்டியின் முன்னால் தரையில் குந்தியிருந்து தனியே பழகிக்கொண்டிருந்தான். றுமானா தேநீரை வைத்தாள்.

"மச்சி, நான் பாயப்போறன் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

விளக்கம் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எப்படி என்று கேட்டவருக்கு அவள் இதுவரை சொல்லாமல் விட்டதில்லை. எழுந்ததும் ஒருமுறை சும்மா நில்லுங்கள் என்றால் போதும். ஒரு கிழமையில் இவன்கூடத் தேறிவிடுவான், அடுத்த கிழமை பெட்டி வண்டியில் ஏறும்.

"அதிஸ்டம் மச்சான்," என்றாள்.

"நானும் அதத்தான் நினச்ச," என்றான் நஸீம், திருப்தியாக. திரையில் நெருப்புக் கையன் விழுந்தான். எழுந்தான். பாய்ந்தான்.