பாதி விலைக்கு ஒரு பால்கனி

ராஜம் உல்லாசக் கப்பலில் போய்விட்டு வந்தாள். அன்றிலிருந்து கோமளத்துக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு யாராவது போயிருந்தால் கோமளம் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் லண்டன் போய் வந்தார்கள். இரண்டு சாக்லேட்டோடு அந்த விஷயம் முடிந்துபோயிற்று. ஆனால் ராஜம் சொந்த ஓர்ப்படி. கோமளத்தின் கணவர் பட்டாபியின் தம்பி அச்சுதனைக் கட்டிக்கொண்டவள். பட்டாபி செங்கல்பட்டு தாலுகா ஆபீஸில் ஃபைல்களுக்கு நடுவே தலை நரைத்து ரிடையர் ஆனவர். அச்சுதனுக்கு அணு ஆராய்ச்சியில் உத்தியோகம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். மொட்டைமாடிக்கு ஏறினால் கடல். தினம் ஓசியில் கடல் பார்க்கிறவளுக்குக் கப்பல் ஒரு கேடா என்பதுதான் கோமளத்தின் முதல் கேள்வி. அதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. தோசையைத் திருப்பிப் போடும்போது தோசைக்கல்லிடம் கேட்டாள்.

போட்டோ காட்டுவதற்கென்றே ராஜம் பஸ் ஏறி செங்கல்பட்டுக்கு வந்தாள்.

“மன்னி, இதான் எங்க ரூம் பால்கனி. காலம்பற கதவைத் திறந்தா எதிர்க்க ஒண்ணுமே இல்லை, வெறும் கடல்தான். அங்கேயே காப்பி கொண்டுவந்து குடுத்துட்டுப் போறான்.”

“காப்பி நன்னா இருந்துதோ?” என்றாள் கோமளம். எங்காவது ஒரு குறை கிடைக்காதா என்ற ஆசை.

“காப்பி சுமார்தான். ஆனா அந்தக் கடலைப் பார்த்துண்டு குடிச்சா எதுவும் நன்னாத்தான் இருக்கு.”

“ரொம்ப ஆச்சோ?”

“மே மாசம், லீவு சமயம். உச்ச விலைதான் மன்னி. இவர் எங்க கணக்குப் பார்க்கறார்! நீங்களும் அண்ணாவும் ஒரு தடவை கட்டாயம் போயிட்டு வரணும்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் கோமளத்தின் வயிற்றில் கொள்ளிக்கட்டையைச் செருகியது. போயிட்டு வரணுமாம். இவள் போய்விட்டு வந்து நமக்கு அனுமதி கொடுக்கிறாள். குடும்பத்தில் மூத்த மாட்டுப்பெண் யார்? கோவிலில் முதல் தீர்த்தம் யாருக்கு? கப்பல் மட்டும் இளையவளுக்கு முதலிலா?

ராஜம் போனபிறகு பட்டாபி மெல்ல, “நாமும் வேணா முட்டுக்காடு போயிட்டு வரலாமே. போட் ஹவுஸ்ல நல்ல போட் எல்லாம் விடறான்” என்றார்.

அன்று ராத்திரி பட்டாபிக்கு ரசம் இல்லை. மோர்சாதத்தோடு எழுந்துகொண்டார்.

கோமளம் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பென்ஷன் அவள் பெயரில் தனியாக வருகிறது. உச்ச விலை கொடுத்துக் கப்பலில் போக அவளாலும் முடியும். ஆனால் அப்படிப் போனால் ராஜம் போன மாதிரியே போனதாக ஆகிவிடும். ஜெயித்ததாக ஆகாது. அதே கப்பல், அதே பால்கனி, ராஜம் கொடுத்ததில் பாதி விலை. அதுதான் வேண்டும். போய்விட்டு வந்து, ‘அடடா, நீ ஏமாந்துட்டியேடி!’ என்று அவளைப் பார்த்து வருத்தப்பட வேண்டும்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டிக்கெட் கடை வைத்திருக்கும் சரவணகுமாரிடம் போனாள். ரயில், விமானம், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் அந்தக் குட்டிக் கடைக்குள்தான்.

“வாம்மா. இன்னா, காசிக்கா?”

“கப்பலுக்கு.”

அவன் ஒரு கணம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“விலை எப்ப இறங்கும்னு சொல்லு. அது தெரிஞ்சா போறும்” என்றாள்.

“அத்த கேளு. ஸ்கூல் லீவுல போனீன்னா மொட்ட அடிச்சுடுவான். தீபாவளிக்கும் அப்டித்தான். தீபாவளி முடிஞ்ச அந்த வாரம் பாரு, கையில டப்பு இருக்காது, மழ வேற கொட்டிகினு இருக்கும், ஒருத்தனும் வரமாட்டான். கப்பல் காலியா கீதுன்னு அவனே எறங்கி வருவான். சனி ஞாயிறு வேணாம். நடுவாரத்துல கெளம்புறத புடி. ஜன்னல் இல்லாத ரூமுன்னா இன்னும் கம்மி.”

“ஜன்னல் இல்லாம எனக்கு எதுக்கு? பால்கனிதான் வேணும்.”

“அப்பன்னா ரெண்டு மாசம் முன்னாடி ஆஃபர் வுடுவான் பாரு, அப்ப புடிச்சுடணும். கடைசி வாரம் வரிக்கும் குந்திகினு இருந்தா இன்னும் கூட எறங்கும். ஆனா ரூமு கெடைக்கலாம், கெடைக்காமயும் போவலாம். பேஜாரு. இன்னொண்ணு, வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸு, இதுக்கெல்லாம் தள்ளுபடி கெடையாது. அத்தையும் சேத்துப் பாத்துட்டு அப்புறம் சந்தோசப்படு.”

அன்று முதல் கோமளத்துக்கு அதுவே வேலை. விடிந்ததும் வாசல் தெளிப்பதற்கு முன் போனில் கப்பல் விலை பார்ப்பாள். ஆனியில் கொஞ்சம் இறங்கியது. போதாது என்று விட்டாள். ஆவணியில் ஏறியது, அன்று வீட்டில் யாரோடும் பேசவில்லை. பால்காரி செங்கம்மாள்கூட, “இன்னா டீச்சரம்மா, மூஞ்சி வாடிக் கீது?” என்று கேட்டாள். இடையில் ராஜம் போன் பண்ணும்போது பெரும்பாலும் கப்பல் பேச்சை எடுத்தாள். எடுக்காமல் இருந்த நாளிலும் கோமளத்துக்குப் பொறுக்கவில்லை. பெரிய மனசு பண்ணி எடுக்காமல் இருக்கிறாளாம்!

புரட்டாசியில் ஒரு காலை, விலை விழுந்தது. தீபாவளி முடிந்த வாரம், புதன் கிளம்பி சனி திரும்புகிற பயணம், பால்கனி அறை, ராஜம் கொடுத்ததில் சரிபாதிக்கும் கீழே. கோமளம் குளிக்காமல்கூட சரவணகுமார் கடைக்கு ஓடினாள். ஆஃபர் டிக்கெட், ரத்து பண்ணினால் பணம் வராது, தேதி மாற்ற முடியாது, ஒரு வாரம் முன்பு வரை ஆள் பெயர் மட்டும் மாற்றலாம் என்று அவன் படித்துச் சொன்னான். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டாபியிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் ராஜத்துக்குப் போன் போட்டாள்.

விலையைச் சொன்னாள். மறுமுனையில் சத்தமே இல்லை. அந்த மௌனம் கோமளத்துக்குத் திரட்டுப்பாலாய் இனித்தது. சரவணகுமார் சொன்ன சூட்சுமம் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததுபோல் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். எப்போது இறங்கும், எந்தக் கிழமை, கடைசி வாரத்தில் எப்படி இன்னும் விழும், டிக்கெட்டில் பெயர்கூட மாற்றலாம், எல்லாம்.

“நீயும் கொஞ்சம் பொறுத்திருந்தா இப்படிக் கிடைச்சிருக்கும். என்ன பண்றது, உனக்கு யார் சொல்லித்தரா!”

ராஜம் மெதுவாகக் கேட்டாள்.

“எந்தத் தேதின்னேள் மன்னி?”

சொன்னாள்.

“அந்த வெள்ளிக்கிழமைதானே மாமனாரோட திவசம்? ஐப்பசி வளர்பிறை பஞ்சமி.”

கோமளத்துக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் தீபாவளி சீக்கிரம் வந்தது. மாமனார் திவசமும் அக்டோபரிலேயே வந்துவிட்டது. அக்டோபரில் முடிந்துவிடும், நவம்பர் காலி என்று இங்கிலீஷ் தேதியை மனதில் வைத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டாள். மாட்டுப்பெண்ணாக வந்த நாளிலிருந்து மடியாக நின்று அந்தத் திவசத்துக்குத் தளிகை பண்ணுகிறவள். சுவரில் பஞ்சாங்கக் காலண்டர் தொங்குகிறது. கப்பல் விலையைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை. மூத்த பிள்ளை பட்டாபி திவசம் பண்ணியாக வேண்டும், பக்கத்தில் அவள் நின்றாக வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

“மன்னி, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதேங்கோ” என்றாள் ராஜம். “பேர் மாத்தலாம்னேளே. நம்ம அதிதியும் அத்வைத்தும் போகட்டுமே? கல்யாணம் ஆனதுலேர்ந்து ரெண்டும் எங்கயும் போகலை. அவ வேற கோத்திரத்துக்குப் போயிட்டா, அவளுக்குத் தடையில்லை. பணத்தை நான் குடுத்துடறேன். வீணாப் போக வேண்டாமே.”

ராஜத்தின் பெண். ராஜத்தின் மாப்பிள்ளை. கோமளம் நாலு மாசம் காத்திருந்து பிடித்த பால்கனி மறுபடியும் ராஜம் வீட்டுக்கே போவதா? மே மாசம் அம்மா, ஐப்பசியில் பெண்ணா? அதுவும் பாதி விலையில்!

“அதெல்லாம் வேண்டாம்டி. முழுப் பணத்தையும் திருப்பித் தரேன்னுட்டான். நான் ரத்து பண்ணிடறேன்.”

பொய் தானாக வந்தது. பிறகு பட்டாபியிடமும் அதையே சொன்னாள். சரவணகுமார் மட்டும்தான் உண்மை தெரிந்தவன்.

“யாரையாச்சும் அனுப்பும்மா” என்று அவன் இரண்டு தடவை போனில் கெஞ்சினான். “துட்டு கட்டிட்டு ரூம காலியா வுடுவாங்களா?”

“காலியாவே போகட்டும்.”

“உனுக்கு இன்னா லாபம்?”

லாபம் இருந்தது. அந்த அறை யாருக்கும் இல்லை என்பதே லாபம். பெயர் மாற்றக் கடைசி நாளன்று மட்டும் மனசு கொஞ்சம் ஆடியது. சின்ன வயதில் அதிதிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது அவள்தான். பெரியம்மா, பெரியம்மா என்று மடியில் விழுந்து கிடக்கும். போனைக் கையில் எடுத்தாள். மாலையும் கழுத்துமாக நிற்கும் மகள் பக்கத்தில் ராஜம் பெருமையாக நிற்கிற படம் வாட்ஸப்பில் தெரிந்தது. போனைக் கீழே வைத்துவிட்டாள்.

திவசத்தன்று மழை பிடித்துக்கொண்டது. அச்சுதனும் ராஜமும் விடிவதற்கு முன்பே காரில் வந்துவிட்டார்கள். ராஜம் குளித்து மடி உடுத்திக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். இருவரும் அதிகம் பேசவில்லை. திவசத் தளிகையில் பேச நேரம் ஏது? வாழைக்காய் நறுக்கி, பிரண்டைத் துவையல் அரைத்து, எள்ளுருண்டை பிடித்து, அதிரசம் தட்டி முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. சாஸ்திரிகள் சாப்பிட்டு தட்சிணை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அண்ணனும் தம்பியும் சாப்பிட்டார்கள். கடைசியில் ஓர்ப்படிகள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இலை போட்டு உட்கார்ந்தார்கள்.

ராஜம் பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் முகத்தில் ஒரு தத்தளிப்பு.

“மன்னி, அதிதி கப்பல்லதான் இருக்கா.”

கோமளம் இலையை விட்டு முகத்தைத் தூக்கினாள்.

“எந்தக் கப்பல்?”

“நீங்க போறதா இருந்ததுதான். நீங்க சொன்னேளோன்னோ, கடைசி வாரத்துல இன்னும் இறங்கும்னு? ஜன்னல் இல்லாத ரூம் ஒண்ணு ரொம்ப மலிவா கிடைச்சுது. அதைப் போட்டுக் குடுத்தேன். அங்க போனா அதிர்ஷ்டத்தைப் பாருங்கோ, பால்கனி ரூமுக்கு யாரோ பணம் கட்டிட்டு வரவே இல்லையாம். புது ஜோடின்னு அந்த ரூமை இவாளுக்கு சும்மாவே குடுத்துட்டான்! யார் பெத்த புண்ணியவதியோ, நன்னா இருக்கணும்னு நான் காலம்பற பெருமாளை வேண்டிண்டேன்.”

அவள் பணம். அவள் அறை. பெயர் மாற்றிக் கொடுத்திருந்தால் ராஜம் பணமாவது கொடுத்திருப்பாள், பெரியம்மா கொடுத்த டிக்கெட் என்று பேராவது இருந்திருக்கும். இப்போது பணமும் போய், பேரும் போய், அந்தக் குழந்தை யாரோ ஒரு புண்ணியவதியை வாழ்த்திக்கொண்டு அவள் பால்கனியில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஊர் பேர் தெரியாத ஒருத்திக்கு அந்த நன்றி போவதைக் கோமளத்தால் பொறுக்க முடியவில்லை.

“அது என் ரூம்டி!” என்று கத்தினாள். “அந்தப் புண்ணியவதி நான்தான்!”

கூடத்தில் கண் மூடிக் கிடந்த பட்டாபி எழுந்து உட்கார்ந்தார்.

“பணம் திரும்பி வந்துடுத்துன்னியே கோமளம்?”

“வரலை! ஒத்தை ரூபா வரலை! காலியாப் போகட்டும்னு விட்டேன். இவ பொண்ணு போகக்கூடாதுன்னுதான் விட்டேன். போறுமா?”

அழுகை வந்தது. சாதத்தின் மேலேயே சொட்டியது. இனி இவள் இதை டவுன்ஷிப் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள் என்று கோமளம் நினைத்தாள்.

ராஜம் சிரிக்கவில்லை. கூடத்துக்குக் கேட்காமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அன்னிக்கு நீங்க போன் பண்ணி பாதி விலைன்னு சொன்னேளே, அன்னிக்கு பூரா எனக்கு வயிறு எரிஞ்சுது மன்னி. இவர்கிட்ட சண்டை போட்டேன். முழு விலை குடுத்துட்டு அசடாயிட்டேனேன்னு படுத்தா தூக்கம் வரலை. உங்க ரூமைக் கேட்டேனே, அதிதிக்காகவா கேட்டேன்? உங்களுக்குக் கிடைச்ச விலை எங்காத்துக்கும் கிடைக்கணும்னு கேட்டேன். நீங்க மாட்டேன்னதும் உங்களுக்கும் கீழ ஒரு விலை கிடைக்காதான்னு தினம் போனையே பார்த்துண்டிருந்தேன்.”

“தினமுமா?” என்றாள் கோமளம்.

“தினமும். எழுந்ததும் அதான்.”

கோமளம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பணம் போனது போனதுதான். கடலைப் பார்க்கவில்லை. பால்கனியில் அதிதி உட்கார்ந்திருக்கிறாள். ஆனாலும் ராஜம், டவுன்ஷிப்காரி, தினம் ஓசியில் கடல் பார்க்கிறவள், கோமளத்தை நினைத்துத் தூங்காமல் கிடந்திருக்கிறாள். கோமளத்தின் வயிறு மே மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் குளிர்ந்தது.

“எத்தனை நாள்டி தூங்கலை?” என்று கேட்டபடி, ராஜத்தின் இலையில் இன்னொரு அதிரசத்தை வைத்தாள். “விவரமாச் சொல்லு.”