விரல் நீளப் படிகம்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘திரை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, அவளைக் கட்டியவன்தான். மொட்டை மாடியில் இருந்த பெரிய குழிக்கண்ணாடியை ஒரு கறுப்புத் துணி மூடியிருக்கும். அதை இழுத்துத் திறப்பது ஒன்பது வருஷமாக அவள் வேலை. “திரை எங்க? திரையக் கூப்பிடு” என்று கணவன் சொல்லிச் சொல்லி, வந்தவர் போனவர் வாயிலெல்லாம் அது ஒட்டிக்கொண்டது. அவளும் அவனை எல்லோரையும்போல ‘சார்’ என்றே அங்கே கூப்பிட்டாள். படிக்கிற காலத்தில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள் என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அதிலும் ஒருவருக்கு மறந்துவிட்டது.

அங்கே நடப்பது வெயிலை அப்படியே லேசராக்குகிற வேலை. நடுவில் மின்சாரத்துக்கு இடமில்லை. சூரியனோடு கூடவே திரும்பும் ஒரு தட்டைக் கண்ணாடி வெயிலைப் பிடித்து அனுப்பும். குழிக்கண்ணாடி அதை வாங்கி, ஓர் அறை அளவு வெயிலைப் பொட்டளவுக்குச் சுருக்கி, விரல் நீளப் படிகம் ஒன்றின் மேல் கொட்டும். படிகத்தின் முனையிலிருந்து புறப்படும் கதிர் இரும்புத் தகட்டில் ஓட்டை போடும். படிகத்தைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால், பத்து எண்ணுவதற்குள் அது வெடித்துவிடும். பதினோரு மாதம் காத்திருந்து வாங்கிய படிகம். மாற்றுக்கு இன்னொன்று கிடையாது.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். துணியைப் பிடித்திருப்பவர் “தண்ணி?” என்று கத்த வேண்டும். பம்புப் பக்கம் நிற்பவர் “ஓடுது” என்று சொன்ன பிறகே இழுக்க வேண்டும். பம்புப் பக்கம் எப்போதும் கணவன்தான். அவன் பம்பின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, தலையைக்கூடத் திருப்பாமல் “ஓடுது” என்பான். தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயின் நடுவே ஒரு கண்ணாடித் துண்டும் அதற்குள் நகத்தளவு மஞ்சள் சக்கரமும் உண்டு. தண்ணீர் ஓடினால் சக்கரம் சுழலும். அவன் சொன்ன பிறகு அவள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் துணியை இழுப்பாள். ஒன்பது வருஷத்தில் இரண்டு முறை சக்கரம் நின்றிருந்தது. இரண்டு முறையும் துணி சிக்கிக்கொண்டதாகச் சொல்லி, அவன் அறியாமல் குழாயைச் சரி செய்தாள். கணவனின் கௌரவத்தை அவள் காப்பாற்றிய விதம் அது. இல்லை, அவனுக்குத் தெரியாத ஒன்றைத் தன்னிடம் வைத்திருந்த விதம்.

ஆராய்ச்சி மாணவியாக வந்த பெண்ணுக்குப் பெயர் ‘புதுசு’. வந்து இரண்டு வருஷம் ஆகியும் பழசாகவில்லை. நல்ல பெண். அதுதான் தொல்லை. போன வாரம் அலமாரியைக் குடைந்தவள் ஒரு பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அக்கா, இது உங்க கையெழுத்துதானே? படிகத்தைத் தப்பிப் போற வெயில வளைச்சுத் திரும்ப அது மேலயே விழ வைக்கிற கணக்கு! சார் இப்ப எழுதிட்டிருக்கிற கட்டுரையில அப்படியே இருக்கு!”

“அதுக்கென்ன இப்ப?”

“என்னக்கா இப்படிச் சொல்றீங்க? உங்க பேர் இருக்கணும்ல? நீங்க பேசாம இருங்க, நான் சார்கிட்ட சொல்றேன்.”

புதுசின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்ததும் திரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருட்டுப் போனது தெரியாமல் ஒன்றும் அவள் இருக்கவில்லை. தெரியாததுபோல் இருப்பதையே ஒரு வீடாகக் கட்டி அதற்குள் குடியிருந்தாள். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து, ‘ஐயோ, இங்கேயா இருக்கீங்க?’ என்று கேட்டுவிட்டாள்.

புதுசு சொன்னபடியே சொல்லியும்விட்டாள். அன்று சாப்பிடும்போது கணவன் சிரித்தான்.

“உனக்கு வக்காலத்து வாங்க ஆள் வெச்சிருக்கியா? கட்டுரைக்கு மூணு பேர் முடிவாயிடுச்சு. நான், மெஷின் குடுத்தவர், அந்தப் பொண்ணு. இடமே இல்லம்மா. அடுத்ததுல பாக்கலாம்.”

அந்தப் பெண். தான் போட்ட கணக்குக்குக் கீழே அந்தப் பெண்ணின் பெயர்.

மறுநாளே இன்னொன்றும் சொன்னான். நிதி தரும் குழு பார்வையிட வருகிறது, துணியைப் புதுசு இழுக்கட்டும், “பாக்க எடுப்பா இருக்கும். நீ வர்றவங்களைக் கவனிச்சுக்கோ” என்று.

திரை எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். துணியை எந்த மூலையில் பிடிப்பது, காற்றடித்தால் எப்படி நிற்பது, கண் கூசாமலிருக்கப் பச்சைக் கண்ணாடியை எப்போது மாட்டுவது.

“அவ்வளவுதானாக்கா?”

“அவ்வளவுதான்.”

சக்கரத்தைச் சொல்லவில்லை. மறக்கவுமில்லை. நாக்கு நுனிவரை வந்ததை அவளே விழுங்கினாள்.

குழு வந்த நாள் வெயில் பொரிந்தது. விருந்தினருக்கு நிழல் வேண்டுமென்று கணவன் தானே மேஜையைப் பந்தலுக்கடியில் இழுத்துப் போட்டான். அவர்கள் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசி நாற்காலிக்குப் பின்னால் திரை நின்றாள்.

“தண்ணி?” புதுசின் குரல் கணீரென்று வந்தது.

“ஓடுது!”

பழக்க தோஷம், திரையின் கண் சக்கரத்துக்குப் போனது. அது சுழலவில்லை. மேஜைக் கால் குழாயின் மேல் ஏறி அமுக்கி நின்றது. பம்பு மட்டும் முக்கிக்கொண்டிருந்தது.

‘நில்லு’ என்று ஒரு சொல் போதும். அதற்கு நேரமும் இருந்தது. புதுசு ஒருமுறை திரும்பி, ‘சரியாக்கா?’ என்பதுபோல் அவளைப் பார்க்கக்கூடச் செய்தாள். திரை சரியென்று தலையசைத்தாள்.

துணி விழுந்தது. வெளிச்சம் பாய்ந்தது. ஒன்று, இரண்டு என்று திரை மனசுக்குள் எண்ணினாள். ஏழில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், முட்டை ஓடு உடைகிற சத்தம். குழாய்க்குள் ஆவி பொங்கியது. படிகம் இரண்டு துண்டு.

புதுசு துணியை வாரி மூடினாள். கணவன் மேஜைக் காலைப் பார்த்துவிட்டான். சாவகாசமாக, முழங்காலால் அதை நகர்த்தினான். அதைத் திரை ஒருத்திதான் பார்த்தாள்.

குழுத்தலைவர் எழுந்தார். “தண்ணி ஓடுதுன்னு யாரு உறுதி பண்றது? வெறும் வாய் வார்த்தையா?”

கணவனின் கண் மனைவியைத் தேடியது.

“இல்லைங்க சார்” என்றாள் திரை. தன் குரல் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. “அந்தக் குழாயில ஒரு மஞ்சள் சக்கரம் இருக்கு பாருங்க. துணி இழுக்கிறவங்க அதைப் பாத்துட்டுத்தான் இழுக்கணும். ஒன்பது வருஷமா நான் அப்படித்தான் செஞ்சேன்.”

“இந்தப் பொண்ணுக்குச் சொல்லலையா?”

“மூணு தடவை சொன்னேன்.”

புதுசு அவளையே பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. “அக்கா…” என்றாள்.

“நீங்க யாரு?” என்று தலைவர் மரியாதையாகக் கேட்டார்.

“என் மனைவி” என்றான் கணவன், மூச்சு திரும்பி. “இந்த ஏற்பாட்டோட கணக்கெல்லாம் இவங்க போட்டதுதான்.”

ஒன்பது வருஷம் காத்திருந்த வாக்கியம். இப்படித்தான் வந்தது.

மறுநாள் புதுசு ஆய்வுக்கூடச் சாவியையும் பச்சைக் கண்ணாடியையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“உங்களுக்கு நான் என்னக்கா கெடுதல் பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. நல்லதுதான் பண்ணினே” என்று சொல்லி, திரை சாவியைக் கொக்கியில் மாட்டினாள்.

மத்தியானம் கணவன் கட்டுரையின் கடைசி வடிவத்தை அவள் முன்னால் போட்டான். மேஜைக் காலைப் பற்றி அவன் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

“இடம் ஒண்ணு காலியாச்சு. உன் பேரைப் போட்டுட்டேன், பாத்துக்கோ.”

பார்த்தாள். அச்செழுத்தில் தன் முழுப் பெயர் யாரோ ஒருத்தியுடையதுபோல் இருந்தது. ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினாள். குற்ற உணர்ச்சி இதோ வரும், இதோ வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

பசி வந்தது. எழுந்து போய்ச் சாப்பிட்டாள்.